குடலை இட்லியின் கடல்கடந்த திரிபுகள்: ஓர் ஆய்வு

காஞ்சிபுரத்தில் சரிகையின் வெள்ளியையும் தங்கத்தையும் அளந்து சொல்ல எந்திரம் உண்டு. வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கும் குடலை இட்லியின் தரம் பார்க்கவோ நாக்கைத் தவிர வேறு கருவி கிடையாது. இந்தக் குறையைப் போக்கவே இவ்வாய்வு.

முதலில் மூலப்படிவம். மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, கொரகொரவென்று அரைத்துப் புளித்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய் சேர்த்து ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவிடுவார்கள். கிடைப்பது ஒரு நீள உருளை. வெட்டித்தான் தர முடியும். ஓரத்தில் இலையின் வாசம் ஏறியிருக்கும். நடுத்துண்டு மட்டும் வாய்த்தவர் அடுத்த முறை வரிசையில் முந்திக்கொள்வது நல்லது.

கடல் கடந்ததும் முதல் எதிரி குளிர். மாவைப் பொங்கவைக்கும் லியூகோனோஸ்டாக் நுண்ணுயிருக்கு ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் கதகதப்பு வேண்டும். டொராண்டோவின் ஜனவரியில் அது எழுந்திருக்கவே மறுக்கும். ஆகவே கேக் சுட வாங்கிய அவனில் விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்துவிடுகிறார்கள். கேக்கையே காணாத அவன்கள் உண்டு. மாவைக் காணாத அவன் தமிழர் வீட்டில் அரிது.

குடலைக்குப் பதில் மஃபின் தட்டு. மந்தாரைக்குப் பதில் வியட்நாமியர் கடையின் உறைந்த வாழையிலை, அதுவும் இல்லையென்றால் பட்டர் பேப்பர். சுக்குப்பொடி, கிறிஸ்துமஸ் இஞ்சி பிஸ்கட்டுக்காக வைத்திருக்கும் அலமாரியில், இலவங்கப்பட்டைக்கு அருகே கிடைக்கும். கறிவேப்பிலைதான் வம்பு. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பசுமை நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால், ஊரிலிருந்து அமெரிக்காவுக்குப் பெட்டியில் எடுத்துப்போக அனுமதியில்லை. அந்த நோய் ஃபுளோரிடாவில் 2005-இல் தென்பட்டது. பாட்டி பறித்துக் கட்டிக்கொடுத்த கொத்து, ஆரஞ்சுத் தோட்டத்தின் பகையாளியாகி விமான நிலையக் குப்பைத்தொட்டியில் விழுவது இதனால்தான்.

‘இதெல்லாம் காஞ்சிபுரம் இட்லியா?’ என்று தூய்மைவாதிகள் கேட்கலாம். அவர்கள் காஞ்சிபுரத்து வீடுகளையே எட்டிப் பார்க்கட்டும். அங்கே குடலை எத்தனை வீட்டில் இருக்கிறது? நெய் தடவிய எவர்சில்வர் டம்ளர்தான் அச்சு. ஓட்டல்களில் வழக்கமான குழித்தட்டிலேயே மிளகும் சுக்கும் போட்டு அதே பெயரில் பரிமாறுகிறார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில் பெங்களூரு எம்.டி.ஆர். உணவகம் ரவையில் இட்லி செய்தது. அதை இன்று யாரும் போலி என்பதில்லை. ஆக, மடப்பள்ளிக்கு வெளியே எல்லோரும் மாற்றுப்பொருள்காரர்களே. நியூ ஜெர்சிக்காரர் கொஞ்சம் தூரத்தில் இருக்கிறார், அவ்வளவுதான்.

எனவே தீர்ப்பு: மஃபின் தட்டு ஏற்கப்படுகிறது. அவனில் வேகவைப்போர் அடியில் வெந்நீர்த் தட்டு வைத்து, மேலே அலுமினியத் தாளால் இறுக மூட வேண்டும். இல்லையேல் வருவது மிளகு போட்ட ரொட்டி. மாவைப் புளிக்கவிடாமல் ஈனோ உப்பைக் கொட்டி அரை மணியில் முடிப்பவர்களின் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.