சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்

கேள்வி: எங்கள் தெருவில் பாதி கம்ப்யூட்டர்கள் சும்மாதான் கிடக்கின்றன. எல்லாவற்றையும் இணைத்தால் சூப்பர் கம்ப்யூட்டர் ஆகிவிடுமா?
– ஒரு வாசகர், மருங்காபுரி

பதில்: தெரு போதாது, உலகம் சேர்ந்தால் ஆகும், ஆகியும் இருக்கிறது. 1999-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம், வேற்றுக்கிரகவாசிகளைத் தேடும் 'செட்டி அட் ஹோம்' திட்டத்தைத் தொடங்கியது. ரேடியோ தொலைநோக்கியில் விழுந்த இரைச்சலைத் துண்டு போட்டு, லட்சக்கணக்கான வீடுகளில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களுக்கு அலச அனுப்பினார்கள். 2020 வரை அனுப்பியும் வேற்றுக்கிரகவாசி ஒருவரும் சிக்கவில்லை. ஆனால் அதே பாணியில் இயங்கும் 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' 2010-ல் ஒரு புதிய பல்சரையே (துடிப்பு விண்மீன்) பிடித்துவிட்டது!

உங்கள் மாவட்டத்துக்கே வருவோம். திருச்சி என்.ஐ.டி.யில் 2022-ல் திறக்கப்பட்ட 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டரின் திறன் 838 டெராஃப்ளாப்ஸ் (கணக்கிடும் வேகத்தின் அளவு). புரதங்களை ஆராயும் 'ஃபோல்டிங் அட் ஹோம்', 2020 கொரோனா காலத்தில் 10 லட்சம் டெராஃப்ளாப்ஸைத் தாண்டியது. அதாவது, ஆயிரம் பரம் பொருளுக்கு மேல். பரம்பொருள் ஒன்றே என்பவர்கள் பொறுத்தருள்க!

அப்படியானால் என்.ஐ.டி.க்கு அது எதற்கு? கல்யாணப் பந்திக்கு வீட்டுக்கு வீடு காய் நறுக்கலாம். ஒரே சாம்பாரை வீட்டுக்கு வீடு கொதிக்கவைக்க முடியாது. வானிலைக் கணிப்பு அந்தச் சாம்பார் ரகம். ஒரு துண்டின் விடை அடுத்த துண்டுக்கு நொடிக்கு நொடி தேவை.

ஆசை இருந்தால் 'பாயிங்க்' என்ற இலவச மென்பொருளை அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்கி, 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' போன்ற திட்டங்களில் சேருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கணக்கு உலகத்துக்கு, கரன்ட் பில் உங்களுக்கு.