வாயையும் கொண்டு போ, தம்பி

தம்பி, நீயும் உன்ரை கூட்டாளியளும் முல்லைத்தீவுக் கடல் பாக்க மோட்டச்சைக்கிளிலை வெளிக்கிடுறியளாம். நல்ல விசயம். உங்கடை ஆயத்தத்தையும் பாத்தன். முழங்காலுக்குக் கவசம், முழங்கைக்குக் கவசம், கைக்குக் கறுப்புக் கிளவ்ஸ், ஹெல்மெற் உச்சியிலை கமரா, காதுக்குள்ளை பாட்டு. வழி காட்டப் போன், இடம் பாக்கக் கமரா. அப்ப நீ என்னத்துக்குப் போறாய்? ரெண்டையும் பார்சல் கட்டி முல்லைத்தீவு பஸ்ஸிலை ஏத்திவிட்டால் அதுகளே போய்ப் பாத்திட்டு வந்திடுமே. பெற்றோல் காசும் மிச்சம்.

உடம்பிலை உள்ள எல்லாத்துக்கும் ஒவ்வொரு சாமான் வாங்கின நீ, வாய்க்கு மட்டும் ஒரு வேலையும் வைக்கேல்லை. அதுதான் என்ரை கவலை. ஆனபடியால் கிழவன் சொல்லுறதைக் கொஞ்சம் கேள். கேக்காட்டிலும் சொல்லுவன். வயசு போனவனுக்கு வேறை என்ன உத்தியோகம்?

எண்ணெயிலை தொடங்குவம். வவுனியாவிலை வெளிக்கிட்டால் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் தாண்டி மாங்குளம். அங்கை வலக்கைப் பக்கம் திரும்பினால் ஒலுமடு, ஒட்டுசுட்டான், முள்ளியவளை, பிறகு கடல். போகவரக் கிட்டத்தட்ட 190 கிலோமீற்றர். 2022இலை கியூஆர் காட்டினால் மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்தவங்களெல்லே, லீற்றருக்கு 50 ஓடினால் அந்த 4 லீற்றரிலை கடலும் பாத்து வீட்டையும் வரலாம். ஆனால் நீ முறுக்கிற முறுக்குக்கு வரேக்கை கனகராயன்குளத்திலை இறங்கித் தள்ளவேண்டி வரும்.

அந்த வருசம் பெற்றோல் செற் வாசலிலை நீ அழாத குறையா நிக்கேக்கை நான் சிரிச்சனான் எண்டு இண்டைக்கும் கோவமாக்கும். ஏன் சிரிச்சனான் தெரியுமே? தொண்ணூறுகளிலை தடை போட்ட காலம் வன்னிக்குள்ளை பெற்றோலைக் கண்ணாலை காணேலாது. காபரேற்றருக்குள்ளை துளிக்கணக்கிலை விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு, மண்ணெண்ணெயிலை ஓடினனாங்கள். எங்கடை எம்டி நைன்ரி மோட்டச்சைக்கிள் முன்னுக்குப் போகும், பின்னாலை வெள்ளைப் புகை கலியாண ஊர்வலம் மாதிரி வரும். அதிலை பிள்ளைத்தாச்சியை ஆசுபத்திரிக்கு ஏத்தினவங்கள் இருக்கினம். உன்ரை வண்டிக்கு நல்ல எண்ணெய் கிடைக்குது, போற இடம்தான் உனக்குத் தெரியேல்லை.

மப்பை நம்பிறாய், நம்பு. ஆனால் வவுனிக்குளம் எண்ட பேரைப் பாத்திட்டு வவுனியாப் பக்கம்தானே எண்டு நினைச்சுப் போடாதை. அது முல்லைத்தீவு மாவட்டம், மல்லாவிப் பக்கம். இதைத் தேத்தண்ணிக்கடையிலை இருக்கிற சின்னப் பிள்ளையும் சொல்லும்.

ஓமந்தை தாண்டேக்கை ஒருக்கால் யோசி. ஒரு காலம் இந்தக் கண்டி வீதியிலை வாய் திறக்காமல் போகேலாது. வவுனியாவிலை தங்கிறதுக்கே பாஸ் வேணும். 2002இலை பாதை திறந்தாப் பிறகும் ஓமந்தையிலை ஆமி, புளியங்குளத்திலை இயக்கம், இடையிலை செஞ்சிலுவைச் சங்கம். எங்கை போறாய், ஏன் போறாய், ஆரிட்டைப் போறாய், எப்ப திரும்புவாய்? ஒரே கேள்வியை ரெண்டு பக்கமும் கேப்பாங்கள், நாங்களும் ரெண்டு பக்கத்துக்கும் ஏத்த மாதிரிச் சொல்லுவம். இப்ப உன்னை ஒருத்தரும் மறிக்கேல்லை, கேக்கேல்லை. அதுக்காக நீயும் ஒருத்தரையும் கேக்கமாட்டன் எண்டு போனால் எப்பிடி? கேக்கிற முறை இப்ப உன்ரை.

எப்பிடிக் கேக்கிறது எண்டும் சொல்லித் தாறன். மாங்குளச் சந்தியிலை நிப்பாட்டு. முறிகண்டிப் பிள்ளையார் இன்னும் வடக்காலை, அவரைக் காணாமல் திரும்பிறாய், மனசுக்குள்ளை ஒரு கும்பிடு போடு. பிறகு ஒரு பிளேன்ரீ சொல்லு. ஹெல்மெற்றைக் கழட்டு, அதோடை கதைச்சால் கிணத்துக்குள்ளை இருந்து கதைக்கிற மாதிரிக் கேக்கும். கடைக்காரரிட்டை "அங்கிள், முல்லைத்தீவு எவ்வளவு தூரம்?" எண்டு கேளாதை. அதைக் கிலோமீற்றர் கல்லே சொல்லும். "ஐயா, இந்த முறை குளம் வான் பாஞ்சதோ?" எண்டு கேள். வன்னியிலை ஆளுக்கு முன்னம் குளத்தைத்தான் சுகம் விசாரிக்கவேணும்.

அவ்வளவுதான், மனிசன் கதவு திறந்த மாதிரித்தான். எத்தினை அடி தண்ணி நிக்குது, சிறுபோகத்துக்கு எத்தினை ஏக்கருக்கு விட்டவை, வாய்க்கால் கடைசியிலை இருக்கிறவனுக்குத் தண்ணி போகாமல் ஆர் மறிச்சது, ராத்திரி யானை எந்த வேலியாலை வந்தது எண்டு எல்லாம் வரும். நடுவிலை உன்னைப் பாத்து "தம்பி எவடம்?" எண்டுவர். வவுனியா எண்டால் "வவுனியாவிலை எவடம்?" எண்டுவர். மூண்டாவது கேள்வி "ஆற்றை பேரன்?" அதோடை சொந்தம் பிடிச்சிடுவர். தேத்தண்ணிக்குக் காசு வாங்கமாட்டர். மறந்துபோய் என்ரை பேரைச் சொல்லிப்போடாதை, பழைய கணக்கு ஏதும் இருந்தாலும் இருக்கும்.

வைகாசி, ஆனியிலை போனால் றோட்டுக் கரையிலை பாலைப்பழம் வைச்சிருப்பினம். சின்னனா, மஞ்சளா, சுண்டாலை அளந்து தருவினம். ஆர் ஏறிப் பிடுங்கினது, எந்தக் காடு, கரடி நிண்டதோ எண்டெல்லாம் முதலிலை கேட்டு முடி. விலையும் பேசி முடி. அதுக்குப் பிறகுதான் வாயிலை போடவேணும். அந்தப் பழத்தின்ரை பால் ரெண்டு உதட்டையும் சேத்து ஒட்டிப்போடும். முதல் திண்டிட்டு விலை பேசப் போனவன் கையாலைதான் பேசியிருக்கிறான்.

மாங்குளம் தாண்டினாப் பிறகு காடு வரும். பாலை, வீரை, முதிரை எண்டு நிழல் விழுந்த றோட்டு, உன்ரை கமராவுக்கு நல்ல தீனி. மயில் குறுக்கை வரும், மெல்லப் போ. ஆனால் அவசரத்துக்கு ஒதுங்கிறன் எண்டு காட்டுக்குள்ளை இறங்காதை. மிதிவெடி எடுக்கிற வேலை இன்னும் முடியாத இடங்கள் வன்னியிலை இருக்கு. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதுக்குப் பக்கத்திலை நிண்டு படம் எடுக்கிற விசர் வேலையும் வேண்டாம்.

ஒட்டுசுட்டானிலை தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுப்போட்டுக் கற்சிலைமடு எங்கை எண்டு கேள். நம்மடை வவுனியா ரவுணிலை சிலையா நிக்கிற பண்டாரவன்னியனை நீ நாள்தோறும் கடந்து போறாய், ஒருநாளும் ஹோர்னைத் தவிர வேறை மரியாதை செய்யேல்லை. அவர் 1803 ஆவணி 25 முல்லைத்தீவுக் கோட்டையை இங்கிலீசுக்காரரிட்டையிருந்து பிடிச்சவர். அதே வருசம் ஐப்பசி 31 கற்சிலைமடுவிலை வொன் டிறிபேர்க் அவரைத் தோற்கடிச்சான் எண்டு வெள்ளைக்காரர் தங்கடை வெற்றிக்கு இங்கிலீசிலை ஒரு கல்லு நாட்டினவை. கூத்தைப் பார், வெண்டவன் தன்ரை பேருக்கு வைச்ச கல்லாலை தோத்தவன்ரை இடம்தான் எங்களுக்கு அடையாளமாப் போச்சு. டிறிபேர்க் ஆரெண்டு அந்தப் பக்கம் கேட்டுப் பார், "அவன்தான் பண்டாரவன்னியனோடை சண்டை பிடிச்சவன்" எண்டுவினம். அந்த மட்டும்தான் அவனுக்குப் பேர்.

முள்ளியவளை தாண்டிப் பக்கத்திலை வற்றாப்பளை. நந்திக்கடல் ஓரம் கண்ணகை அம்மன். வைகாசிப் பொங்கலுக்கு வன்னி முழுக்க அங்கைதான் நிக்கும். உப்புத்தண்ணியிலை விளக்கெரியிற கோயில். ஆனால் அந்த நம்பிக்கையிலை ராங்கைக் காலியா வைச்சுக்கொண்டு போகாதை. அம்மாளாச்சி விளக்குக்குத்தான் பொறுப்பு, உன்ரை பல்சருக்கு இல்லை.

கடற்கரைக்கு வந்தாச்சு. சோளகக் காலமெண்டால் அந்தக் கரை சாந்தமா இருக்கும், கரைவலை இழுப்பினம். பாத்துக்கொண்டு நிக்காமல் நீயும் கயித்திலை ஒரு கை போடு. கவசம் போட்ட முழங்கை ஒருநாளாவது வேலை செய்யட்டும். வாடைக் காலமெண்டால் தண்ணிக்குள்ளை இறங்காதை, கரையிலை இருக்கிறவன் வேண்டாம் எண்டால் வேண்டாம்தான்.

இவ்வளவு நேரமும் வாயைத் திற எண்டு சொன்னனான். இனி மூடவேண்டிய இடத்தையும் சொல்லிப்போடுறன். இந்தக் கரை 2004 மார்கழி 26 சுனாமியைக் கண்ட கரை. ஊரைவிட்டு வடக்கை போனால் வட்டுவாகல் பாலம், அதுக்கங்காலை முள்ளிவாய்க்கால். 2009 வைகாசியிலை சனம் கையிலை ஒண்டுமில்லாமல் நடந்து வந்தது அந்தப் பாலத்தாலைதான். அங்கை ஆரிட்டையும் "அந்த நேரம் நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?" எண்டு நீயாக் கேளாதை. அவையாச் சொன்னால் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு இருந்து கேள். பதில் ஒண்டும் சொல்லவேண்டாம். பல்லைக் காட்டிப் படம் எடுக்கவும் வேண்டாம்.

பின்னேரம் மூண்டு மணிக்குப் பிந்தாமல் திரும்பு. நெடுங்கேணி றோட்டாலை வாறதெண்டால் பொழுதுபட முன்னம் புளியங்குளம் வந்திடு. பொழுதுபட்டால் கட்டாக்காலி மாடுகள் தார்ச் சூட்டுக்கு நடு றோட்டிலை படுத்திருக்கும், எழும்பச் சொன்னால் உன்னைத்தான் சுத்திப் போகச் சொல்லிப் பாக்குங்கள். யானை நிண்டால் எட்ட நில். எல்லாரோடையும் கதை எண்டு சொன்னனான்தான், யானையோடை மட்டும் கதைக்கப் போகாதை. ஹோர்ன் அடிக்கிறதையும் அது கதையெண்டுதான் எடுக்கும்.

வரேக்கை எனக்கு அரைக் கிலோ கட்டாக் கருவாடு கொண்டு வா. காசு இப்ப தரமாட்டன், கொண்டுவந்து என்ன விலை எண்டு சொல்லு. சொன்ன விலையை அப்பிடியே குடுத்து வாங்கினியோ, கரையிலை குந்தியிருந்து கதைச்சுக் குறைச்சு வாங்கினியோ எண்டு அந்த ஒரு விலையிலையே எனக்கு விளங்கிப் போடும். முதல் விதமெண்டால் கருவாட்டுக் காசு உன்ரை தலையிலை.