பரிவாரத்தோடு வரும் தாய்

நானுஓயாப் பக்கத்துத் தோட்டமொன்றில், ஞாயிற்றுக்கிழமை காலையில், விக்கெட் நட்டு, எல்லைக்குச் சுண்ணாம்பு தூவி, நாணயம் சுண்டியும் முடிந்த பிறகு மென்பந்து கிரிக்கெட் நடுவர் ஆட்டத்தைத் தொடங்காமல் நிற்பதைக் காணும் புதியவர், மூடுபனி விலகட்டும் என்று அவர் காத்திருப்பதாகவே எண்ணுவார். உண்மையில் அவர் காத்திருப்பது ஓர் அம்மையாருக்காக. இடுப்பில் கைக்குழந்தை, கைப்பிடியில் நான்கு வயதுப் பையன், பின்னால் தண்ணீர்ப் போத்தலைச் சுமந்து முணுமுணுத்துக்கொண்டே இரண்டாவது மகள், ஒரு தோளில் கம்பளி, மறு தோளில் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் அடங்கிய பை என்ற பரிவாரத்தோடு லயத்துப் படியேறி வரும் இவர், மூத்த மகன் பந்து வீசுவதைக் கண்டு களிக்கவே வருகிறார் என்பது ஊராரின் அபிப்பிராயம்.

மகன் பந்து வீசி இவர் பார்த்ததே இல்லை. பையன் ஓடிவந்து கையைச் சுழற்றும் க்ஷணமும், சின்னவன் கானுக்குள் இறங்கும் க்ஷணமும் ஒன்றாகவே அமைய வேண்டும் என்பது தெய்வ சங்கற்பம் போலும். கானிலிருந்து அவனை மீட்டு, காலில் ஏறிய அட்டைக்கு முந்தானையில் முடிந்து வைத்திருந்த உப்பைத் தடவி நிமிர்வதற்குள் தூரத்தில் கோச்சியின் ஊதல் கேட்கும். 1885ஆம் ஆண்டு முதல் நானுஓயாவுக்கு ரயில் வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஆயினும் அந்த அதிசயம் தனக்காக அன்றுதான் நிகழ்வதாகக் கருதும் சின்னவன், "கோச்சி! கோச்சி!" என்று கூவியபடி ஆடுகளத்தின் குறுக்கே, துடுப்பாட்டக்காரனுக்கும் விக்கெட்டுக்கும் நடுவாகப் பாய்வான். பொடி மெனிக்கே என்ற அந்தக் கோச்சி நிலையத்தைச் சென்றடையும் வரையில் ஆட்டம் நிறுத்தி வைக்கப்படும்.

திங்கள் முதல் சனி வரையில் இத்தகைய தொல்லை இல்லை. தாய்மார் மலையில் கொழுந்தெடுக்கும் வேளையில் பச்சிளம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளை மடுவம் உண்டு, ஆயம்மாவும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மலையில் வேலை இல்லை. ஆகவே மடுவமும் இல்லை. தாய்க்கு ஓய்வு கிடைக்கும் அந்த ஒரு தினத்தில்தான் பிள்ளைகள் முழுதாக அவள் தலையில் விழுகிறார்கள் என்ற விசித்திரத்தை எந்தத் துரையும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. பக்கத்து ரதல்லவில் டிம்புள்ளக் கழகத்து மைதானம் இருக்கிறது. வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் ஆடுவதற்கென்று அமைந்த அந்த அழகிய புல்வெளியின் ஓரத்தில், துரைசானிமார் பிள்ளைகளை ஆயாமாரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக அமர்ந்து கைதட்டியிருப்பார்கள் என்று கற்பனை செய்வதில் பிழையில்லை. நம் அம்மையார் துரைசானியும் ஆயாவுமாக ஒரே உருவில் அவதரித்திருப்பவர். கைதட்டுவதற்கு மாத்திரம் கை மிச்சமில்லை.

சனிக்கிழமைச் சங்கடம் வேறு வகையானது. மூத்த மகளுக்கு அன்று நுவரெலியாவில் வலைப்பந்துப் போட்டி. அம்மையாருக்கோ மலையில் வேலை. தலைவலி, வயிற்றுவலி என்ற சம்பிரதாயமான காரணங்களை அவர் நாடுவதில்லை.

"கங்காணி ஐயா, மத்தியான நிறுவையோட நான் போகணுங்க."

"ஏன், சுகமில்லையா?"

"மக நுவரெலியாவுல பந்து வெளயாடுறா."

"வெளயாடுறது மக. பேரு போறது யாருக்கு?"

"எனக்குத்தாங்க. அரைப் பேராச்சும் போட்டுருங்க, புண்ணியமாப் போகும்."

அரைப் பேர், அதாவது அரைநாட் கூலி, விழும். அம்மையார் மடுவத்திலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார்; வளைவுக்கு வளைவு குழந்தை வாந்தியெடுக்கும்; மைதானத்தை அடையும்போது ஆட்டம் முடிந்து பெண்கள் தோடம்பழம் தின்றுகொண்டிருப்பார்கள்.

ஒரு பந்தைக்கூட ஒழுங்காகப் பாராத இவருக்காக ஞாயிற்றுக்கிழமை நடுவர் காத்து நிற்பானேன்? 5,000 அடிக்கு மேற்பட்ட இம்மலையில் தேயிலை படராத சமதரை கிடைப்பது அருமை. கிடைத்த சிறு துண்டில் மைதானம் அமைத்தால் மூன்று பக்கமும் தேயிலைதான். ஓங்கி அடித்த பந்து அதற்குள் விழுந்தால் ஆறு ஓட்டம். ஆனால் அது அகப்படாது போனால் அடித்தவனே புதுப்பந்து வாங்கித் தர வேண்டும் என்பது இங்குள்ள இளைஞர்கள் ஏகமனதாக இயற்றிய விதி. இவ்விதியின் பயனாக மகா வீரர்களும் பந்தைத் தரையோடு தட்டிக்கொண்டிருப்பார்கள், அம்மையார் வந்து சேரும் வரையில். வந்துவிட்டாரோ, சிக்சர் பறக்கும். ஏனெனில், எல்லாருடைய கண்ணும் ஆடுகளத்தில் பதிந்திருக்க, இவருடைய கண் மட்டும் சின்னவன் மறைந்து திரியும் தேயிலையிலேயே சதா சஞ்சரித்துக்கொண்டிருப்பதால், பந்து எந்தச் செடியை அசைத்துக்கொண்டு இறங்கிற்று என்பது இவர் ஒருவருக்கே தெரியும். "மூணாம் நெரை, ரெண்டாவது செடி, வேருக்கிட்ட" என்று குழந்தைக்கு ரொட்டி பிட்டு ஊட்டியபடியே சொல்வார். பையன்கள் தேடித் தோற்றால் தாமே இறங்கி, மட்டமாக நிற்கும் கொழுந்து குலையாமல் ஒரே கையால் வாதை விலக்கிப் பந்தை எடுத்து எறிவார். திரும்பும்போது அதே கையில் சின்னவனும் இருப்பான்.

ஆட்ட நுட்பங்களில் இவருக்கு அதிக சிரத்தை கிடையாது. முரளிதரன் டெஸ்ட் ஆட்டத்தில் 800 விக்கெட் எடுத்தவர் என்பதும், அவருடைய பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர் என்பதும் தெரியும். முரளியின் தாயார் மைதானத்துக்குப் போகும்போது சிறிய பிள்ளைகளை யாரிடம் விட்டுப் போயிருப்பார் என்பதே இவருடைய நெடுநாளைய சந்தேகம்.

அடுத்த ஞாயிறு வேறு தோட்டத்தில் ஆட்டம். அங்கே தேயிலை இன்னும் அடர்த்தி. செங்குத்தான பள்ளமும் உண்டு. அணித் தலைவன், பதினைந்து வயதுப் பையன், லயத்து வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அத்தை, நீங்க கட்டாயம் வரணும்."

"வாறேன். சின்னவன டீமுல சேர்த்துக்கிறியா?"

"அவனுக்கு நாலு வயசுதானே, அத்தை?"

"ஆட வைக்க வேணாம். பேரப் போடு. டீமுல உள்ளவன டீம்தானே பாத்துக்கணும்?"

தலைவன் நெடுநேரம் யோசித்தான். புதுப்பந்தின் விலையையும் யோசித்திருப்பான். பிறகு கொப்பியைத் திறந்து, பன்னிரண்டாவது ஆட்டக்காரனின் பெயரை எழுதிக்கொண்டான்.