கரண்டிக்கு எந்த விசா?

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் கல்யாண சமையல் செய்யும் என் தம்பியை, "டூரிஸ்ட் விசாவில் சிங்கப்பூர் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார் ஏஜென்ட். அனுப்பலாமா?
- வாசகி, திருவானைக்காவல்

பதில்: அனுப்பலாம், சாப்பிட! டூரிஸ்ட் விசாவில் லிட்டில் இந்தியாவில் தோசை தின்னலாமே தவிர, வார்க்கக் கூடாது. நேர்வழியே இருக்கிறதே, அம்மா. 2023 செப்டம்பர் முதல் அங்குள்ள இந்திய உணவகங்கள் நம் ஊர்ச் சமையல்காரரை வொர்க் பெர்மிட்டில் எடுக்கலாம். மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி. விண்ணப்பிக்க வேண்டியவர் முதலாளி. முதலில் அனுமதிக் கடிதம், பிறகுதான் திருச்சி விமான நிலையம். அந்தக் கடிதத்திலேயே சம்பளம் இருக்கும், படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வளைகுடா, மலேசியா என்றால், பத்தாவது தேறாதவருக்குக் குடிபெயர்வு அனுமதியும் வேண்டும். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். உங்கள் ஏஜென்ட் எவ்வளவு கேட்டார் என்று எழுதவில்லையே!

அடுத்து லண்டன் என்பார். 2025 ஜூலை 22 முதல், புதிதாகப் போகும் சமையல்காரருக்கு அங்கே ஸ்கில்டு வொர்க்கர் விசா கிடையாது. அப்படியும் விடாவிட்டால், அவரையே முதலில் போய் வரச் சொல்லுங்கள்.