மோசே கச்சேரிக்கு வந்தால்: வாவிக்கரைக் கேள்வி-பதில்

கல்லடி வாசகர்: ஒரு கிறிஸ்தவர் இங்கே அரசாங்க அதிபராக வந்தால், பைபிள் சட்டப்படி கச்சேரியை நடத்தலாமா?

தாராளமாக. லேவியராகமம் 19இல் தொடங்கட்டும்: தராசும் படிக்கல்லும் சுத்தமாக இருக்க வேண்டும். அடுத்து உபாகமம் 16: கைக்கூலி வாங்கக் கூடாது. இந்த இரண்டையும் அமல்படுத்தி முடிப்பதற்குள் அவருக்கு இடமாற்றக் கடிதம் வந்துவிடும்.

புளியந்தீவு ஆசிரியர்: இலங்கையில் எப்போதாவது வேதத்தைக் கையில் வைத்து ஆட்சி நடந்திருக்கிறதா?

ஒல்லாந்தர் முயன்று பார்த்தார்கள். போர்த்துக்கீசர் 1628இல் கட்டிய நம் கோட்டையை 1638இல் பிடித்தவர்கள் இவர்கள். 1658 முதல் 1796 வரை கரையோரங்களை ஆண்டார்கள். அவர்களுடைய சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் எடுத்தவனுக்கே அரச உத்தியோகம். பிறப்பும் கலியாணமும் பள்ளிக்கூடத் தோம்பில் பதிவு. கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. 1687இல் யோசப் வாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேடத்தில்தான் வந்து இறங்கினார்.

தோம்பில் இலட்சக்கணக்கில் பெயர்கள். ஆங்கிலேயர் காலத்தில் கட்டாயம் நீங்கியதும் அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை கோயிலுக்குத் திரும்பிவிட்டன. ஒளிந்து வந்தவரை 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து புனிதராக்கினார். வாஸ் அடிகள் சேர்த்த கூட்டம் இன்றும் பூசைக்குப் போகிறது.

ஊறணி இளைஞர்: அமெரிக்காவில் ரஷ்டூனி என்றொருவர், மோசேயின் சட்டத்தை இன்றைய அரசும் அப்படியே ஏற்க வேண்டும் என்று எழுதினாராமே?

எழுதினார், 1973இல், தலையணைக் கனத்தில். அடங்காத மகனை ஊர் வாசலில் கல்லெறிந்து கொல்லும் சட்டமும் உபாகமம் 21இல் இருக்கிறது தம்பி. அந்தச் சட்டத்தைக் கையில் வைத்திருந்த யூத ரபிகளே நிபந்தனைக்கு மேல் நிபந்தனை போட்டு, அப்படியொரு மகன் இருந்ததுமில்லை, இருக்கப்போவதுமில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இன்னொரு கணக்கும் பார். இந்த நாட்டில் நூறு பேரில் கிறிஸ்தவர் ஏழு பேரளவில்தான். நாம் நம் நூலைத் தூக்கிக்கொண்டு பாராளுமன்றம் போனால், மற்றத் தொண்ணூற்று மூன்று பேரும் கையை வீசிக்கொண்டா வருவார்கள்? பரதேசிக்கும் ஊரானுக்கும் ஒரே நியாயம் என்கிறது லேவியராகமம் 24. சிறுபான்மைக்கு அதைவிடப் பாதுகாப்பான சட்டம் கிடையாது.

வாழைச்சேனை சகோதரி: குழுக்கடன் எடுத்திருக்கிறேன். கிழமைக் கட்டு ஒன்று தவறினால் லோன்காரர் இருட்டும்வரை வீட்டுக்குள் குந்தியிருக்கிறார். வேதத்தில் இதற்கு ஏதும் உண்டா?

உண்டு மகள், அச்சொட்டாக உண்டு. உபாகமம் 24: கடன் கொடுத்தவன் அடகு வாங்க வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். கடன்காரர் தானாகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதே அதிகாரத்தில் இன்னொன்று: திரிகைக் கல்லை அடகு வாங்கக் கூடாது, அது ஒருவருடைய பிழைப்பு. யாத்திராகமம் 22 இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால் பொழுதுபடுமுன் திருப்பிக் கொடு என்கிறது. வேறெதைப் போர்த்துக்கொண்டு அவன் தூங்குவான்?

இங்கே நடப்பது என்ன? ஒரே பாயில் குழுவாக இருத்தப்படும் பெண்களில் ஒருத்தி வராவிட்டால் மற்றவர்கள் தலையில் அந்தக் கட்டு விழுகிறது. கூட்டுப் பிணை என்று அதற்குப் பெயர். ஒருத்தி காதுத் தோட்டைக் கழற்றுகிறாள், ஒருத்தி இந்த லோனை அடைக்க வேறு இடத்தில் லோன் எடுக்கிறாள். 2018இல் அரசு, வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடனைத் தள்ளுபடி செய்தது. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வைத்தது. ஏழைக்குக் கொடுக்கும் கடனில் மோசே வைத்த உச்சவரம்பு பூச்சியம்.

சபை மூப்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டட நிதி என்று வங்கியில் நிலையான வைப்பில் கிடக்கிறதே, அதில் ஒரு பகுதியை எடுத்து வட்டியில்லாக் கடன் நிதி தொடங்குங்கள். அதற்குப் பாராளுமன்றத்தில் சட்டம் நிறைவேற வேண்டியதில்லை.

தாண்டவன்வெளி வாசகி: 2019 உயிர்த்த ஞாயிறுக்கு வேதச் சட்டம் என்ன தீர்ப்புச் சொல்லும்?

யாத்திராகமம் 21ஐ எடுங்கள். மாடு முட்டி ஆள் செத்தால் மாட்டைக் கொல். ஆனால் அந்த மாடு முட்டும் மாடு என்று முன்னமே எச்சரித்தும் சொந்தக்காரன் கட்டிவைக்கவில்லை என்றால் குற்றம் அவன் மேலும் விழும்.

ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. 21ஆம் திகதி காலை நம் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து முப்பது பேரளவில் இறந்துபோனார்கள், பாதிக்குக் கிட்டப் பிள்ளைகள். 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்றது. பொலிஸ் மா அதிபருக்கும் புலனாய்வுத் தலைவருக்கும் ஏழரைக் கோடி வீதம். நீதியரசர்கள் மோசேயைத் தேடிப் போகவில்லை, அரசியலமைப்பைத்தான் பார்த்தார்கள். வந்து சேர்ந்த இடம் ஒன்று.

செங்கலடி வாசகர்: அப்படியானால் தூக்குத் தண்டனையைத் திருப்பிக் கொண்டுவரலாம்தானே? கண்ணுக்குக் கண்?

இலங்கையில் கடைசியாகத் தூக்கில் போட்டது 1976இல். திருப்பிக் கொண்டுவருவதானால் முழுதாகக் கொண்டுவாருங்கள்: இரண்டு மூன்று சாட்சி வேண்டும், முதற்கல்லைச் சாட்சிக்காரனே எறிய வேண்டும், பொய்ச்சாட்சி சொன்னவனுக்கும் அதே தண்டனை. கூண்டில் ஏற ஆள் கிடைக்கிறதா பார்ப்போம்.

அமிர்தகழி வாசகர்: கொலைகாரன் யாரென்றே தெரியாவிட்டால்?

உபாகமம் 21 அதற்கும் வழி சொல்கிறது. பிணம் கிடந்த இடத்திலிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்குத் தூரம் அளக்க வேண்டும். கிட்டிய ஊரின் மூப்பர்கள் முன்னால் வந்து, இந்த இரத்தத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆள் தெரியாது என்று கோப்பை மூடும் வசதி அதில் இல்லை.

2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், நம் புனித மரியாள் பேராலயத்துக்குள் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். கைதானவர்கள் 2021 ஜனவரியில் விடுதலை. அதற்கும் முன்னே, 1990 ஆகஸ்ட் 15இல், மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய ஈஜின் ஹீபர்ட் சுவாமி வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமற்போனார். இன்றுவரை தகவல் இல்லை. தூரம் அளப்பதானால் கொழும்புவரை நாடா வேண்டும்.

களுவாஞ்சிகுடி வாசகி: பெண்ணுக்குச் சொத்துண்டா, மோசேயின் சட்டத்தில்?

செலொப்பியாத்தின் ஐந்து மகள்மார் நேரே போய் மோசேயிடம் நியாயம் கேட்டார்கள், எண்ணாகமம் 27. மகன் இல்லாத வீட்டில் மகளுக்கு என்று தீர்ப்பு வந்தது. நம் பக்கம் தாய்வழியில் சொத்திறங்கும் முக்குவர் சட்டம் இருந்தது. 1876இல் பிரிட்டோ அதை நூலாக்கினார். சட்டம் போனாலும் வழக்கம் நிற்கிறது: ஆண்பிள்ளை இருந்தாலும் வீடு மகளுக்கு. இந்த ஒரு பாடத்தில் மட்டக்களப்புக்கு மோசேயைவிடக் கூடுதல் புள்ளி.

ஆரையம்பதி மாணவன்: ஞாயிறு காலை டியூஷனைச் சட்டம் போட்டுத் தடுக்கலாமா?

1966இல் ஞாயிறு லீவையே எடுத்துவிட்டுப் போயாவை வார விடுமுறையாக்கினார்கள். 1971வரை கிறிஸ்தவர்கள் வேலை நாளில்தான் ஆராதனைக்குப் போனார்கள். விசுவாசம் மூழ்கவில்லை. ஆனாலும் ஓய்வுநாள் பிள்ளைக்கும் மாட்டுக்கும் வேலையாளுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டது. ஒரு காலையாவது உன்னைத் தூங்கவிடச் சொல்லி அம்மாவிடம் இதைக் காட்டு.

கிரான் பண்ணையாளர்: எங்களிடமிருந்து பறிபோகும் மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்கு வேதத்தில் நியாயம் உண்டா?

முதலாம் இராஜாக்கள் 21. நாபோத்தின் தோட்டத்தை ஆகாப் எடுத்தது வாளால் அல்ல. கடிதம், முத்திரை, இரண்டு சாட்சி என்று எல்லாம் ‘சட்டப்படி’. பிறகு எலியா வந்து, ‘கொலையும் செய்து, நிலத்தையும் எடுத்துக்கொண்டாயோ?’ என்று கேட்டான், அரசன் சாக்கு உடுத்தினான். 2023இல் சித்தாண்டி வீதியோரம் நீங்கள் குந்தியிருந்து கேட்டதும் அந்தக் கேள்விதான். எல்லைக்கல்லை நகர்த்துகிறவனுக்குச் சாபம் என்கிறது உபாகமம் 27. வாவிக்கரையில் மண் கொட்டி நிரப்பி மதில் எழுப்பும் விசுவாசிக்கும் அதே வசனம்.

வவுணதீவு வாசகர்: பாஸ்டர் தேர்தலில் நிற்கலாமா?

உசியா நல்ல அரசன். தூபகலசத்தையும் நானே பிடிப்பேன் என்று ஆலயத்துக்குள் போனான், நெற்றியில் குஷ்டத்தோடு வெளியே வந்தான். ஒரு கையில் ஒரு வேலை.

கோட்டைமுனை வாசகர்: ரோமர் 13இன்படி அரசை எதிர்க்கக் கூடாதே?

அதை எழுதிய பவுல் எத்தனை முறை சிறைக்குப் போனார் என்று எண்ணுங்கள். பிலிப்பியில் விசாரணை இல்லாமல் அடித்துவிட்டு, இரகசியமாக வெளியே அனுப்பப் பார்த்தார்கள். நான் குடியுரிமை உள்ளவன், அதிகாரிகளே நேரில் வரட்டும் என்றார். வந்தார்கள், மன்றாடினார்கள். அப்போஸ்தலர் 16. பொலிசுக்குப் போகும்போது சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாவலடி வாசகர்: நான் கிறிஸ்தவன். பிரதேச சபைக்கு நிற்கிறேன். என் நோட்டீசில் போட ஒரு வசனம் தாருங்கள்.

நோட்டீசில் வசனம் வேண்டாம். தந்தை செல்வா கிறிஸ்தவர். காங்கேசன்துறையின் இந்து வாக்காளர்கள் 1956 முதல் அவரைத் தொடர்ந்து வெல்லவைத்தார்கள், 1975 இடைத்தேர்தல் உட்பட. வேதத்தைச் சுவரில் ஒட்டியா வாக்குக் கேட்டார்?

உங்களுக்கு மட்டும் இரண்டு இடம் சொல்கிறேன். உபாகமம் 17: ஆளுகிறவன் குதிரைகளைப் பெருக்கக் கூடாது. வாகன பெர்மிட் என்று வாசியுங்கள். ஒன்று சாமுவேல் 12: பதவியை விட்டிறங்கும் நாளில் கிழவர் சாமுவேல் சனங்களுக்கு முன்னால் நின்று, யாருடைய மாட்டை எடுத்தேன், யாரிடம் கைக்கூலி வாங்கினேன், சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்று கேட்டார். நீர் யாரிடமும் ஒன்றும் வாங்கவில்லை என்று சனங்கள் பதில் சொன்னார்கள். நீங்கள் வென்றால், பதவிக்காலம் முடிகிற அன்று காந்தி பூங்காவில் ஒலிவாங்கி வைத்து அதே கேள்வியைக் கேளுங்கள். அதற்குச் சம்மதம் என்றால் என் வாக்கு உங்களுக்கு.