ஓட்டு மூன்று, ஒட்டாகு இரண்டு

நான் கட்டுப்பெட்டி. சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை சூப்பர்வைசராகக் காலம் தள்ளுகிறவன் வேறு எப்படி இருப்பான்? 1964-ல் தொடங்கிய அந்தப் பேட்டை இன்றுவரை நிற்பது ஒரே கொள்கையில்தான்: டிராயிங்கில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதுதான் அளவு. கொஞ்சம் கூடினாலும் ரிஜெக்‌ஷன். வீட்டுக்கும் அதே டிராயிங்தான். செருப்பு வாசலோடு சரி. விளக்கு வைத்த பிறகு தலை வாரக் கூடாது. புரட்டாசியில் முட்டைகூடக் கிடையாது. இவற்றோடு இரண்டு முக்கிய இலாகாக்களைக் குடும்பத் தலைவன் என்ற முறையில் நானே வைத்திருந்தேன். ஒன்று, வீட்டு ஓட்டு யாருக்கு என்பது. இன்னொன்று, டிவியில் என்ன ஓடலாம் என்பது.

இரண்டும் இப்போது என் கையில் இல்லை.

டிவியைப் பிடித்தது ஜப்பான். பெரியவளுக்கு பதினெட்டு, சின்னவனுக்கு பதின்மூன்று. இரண்டு பேருக்கும் அனிமே பைத்தியம். "கார்ட்டூன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது. "கார்ட்டூன் இல்லப்பா, அனிமே" என்று, பிள்ளையார் கோயில் குருக்கள் மந்திரத்தைத் திருத்துகிற கண்டிப்போடு திருத்துவார்கள். இந்தப் பைத்தியம் முற்றியவர்களுக்கு ஜப்பானில் ஒட்டாகு என்று பெயராம். ஆக, எங்கள் வீட்டில் ஓட்டு மூன்று, ஒட்டாகு இரண்டு. பெரியவள் இரண்டு கணக்கிலும் வருவாள்.

ஓட்டு இலாகா கைமாறியது எப்போது என்று யோசித்துப் பார்த்தால், அது எங்கள் பரம்பரையிலேயே ஆண்கள் கையில் இருந்ததா என்பதே சந்தேகம். அப்பா ஆவடி டாங்க் ஃபேக்டரியில் இருந்தவர். எம்.ஜி.ஆர். மறைந்தபின் கட்சி இரண்டாகி, இரட்டை இலையும் முடக்கப்பட்டு, 1989 தேர்தலில் ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா என்று சின்னங்கள் வந்தன. அப்பா அம்மாவை நிற்க வைத்து, "சேவல், புரிஞ்சுதா?" என்றார். அம்மா "சரிங்க" என்றாள். அப்பா காலமாகி வெகுநாள் கழித்து ஒரு மதியம், கீரை ஆய்ந்துகொண்டே அம்மா சொன்னாள்: "அந்தப் புறா ரெண்டும் பாக்க அழகா இருந்துச்சுடா." அவ்வளவுதான். மேற்கொண்டு ஒரு வார்த்தை இல்லை. ஜானகி அணி அந்தத் தேர்தலில் மண்ணைக் கவ்வியது. ஆனாலும் அதற்கு விழுந்த ஓட்டுகளில் ஒன்று ஒரு தீவிர சேவல்காரர் வீட்டிலிருந்து போயிருக்கிறது.

என் மனைவியிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். இப்போது பொத்தானை அழுத்தினால் பக்கத்துப் பெட்டியில் ஒரு சீட்டு ஏழு விநாடி தெரிந்துவிட்டு விழுகிறது அல்லவா, அந்த ஏழு விநாடியில் என்ன தெரிந்தது என்றுதான் கேட்டேன். "சட்டமே கேக்கக் கூடாதுங்குது, நீங்க யாரு கேக்க?" என்றாள். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு. யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. இவளுக்கு எடுத்துக் கொடுத்தது பெரியவள்தான் என்பது சொல்லாமலே தெரிந்தது.

டீக்கடையில் நாங்கள் ஆண்கள் பேசிக்கொள்வது வேறு. மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை, பிங்க் பஸ்ஸில் ஓசிப் பயணம், இதற்கெல்லாம் பெண்கள் ஓட்டைப் போட்டுவிடுகிறார்கள் என்பது எங்கள் ஏகமனதான தீர்மானம். வீட்டில் இதை எடுத்துச் சொன்னேன். "போன வருஷம் யூனியன் எலெக்‌ஷன்ல எதுக்கு ஓட்டுப் போட்டீங்க? போனஸுக்குத்தானே? உங்களுக்கு வந்தா உரிமை, எங்களுக்கு வந்தா ஓசியா?" என்றாள். டீக்கடை நண்பர்களிடம் இந்தப் பதிலை நான் தெரிவிக்கவில்லை. தீர்மானம் ஏகமனதாகவே இருக்கட்டும்.

ஒரு கட்டுப்பெட்டியாக எனக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. பெண்களுக்கு ஓட்டு என்பது ஏதோ நேற்று வந்த நாகரிகம் இல்லை. எங்கள் சென்னை மாகாணத்துப் பழைய சம்பிரதாயம். 1917-லேயே அடையாறில் இந்திய மாதர் சங்கம். 1921-ல், பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாக, சென்னைச் சட்டசபை பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்துவிட்டது. சொத்து, வரி என்று நிபந்தனைகள் இருந்ததால் வெகு சிலருக்குத்தான் கிடைத்தது என்பது வேறு விஷயம். 1927-ல் முத்துலட்சுமி ரெட்டி சபைக்குள் போய் துணைத் தலைவராகவும் உட்கார்ந்தார். ஜப்பானில்? 1945 கடைசியில்தான் சட்டம் வந்தது. 1946 ஏப்ரல் 10 அன்று முதல்முறையாக ஓட்டுப் போட்டார்கள். நாம் கால் நூற்றாண்டு சீனியர். முதல் பெண் முதலமைச்சர் தமிழ்நாட்டுக்கு 1988-ல். ஜப்பானுக்கு முதல் பெண் பிரதமர் 2025 அக்டோபரில்தான்.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொன்னேன். பெரியவள் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "அந்தப் பிரதமர் சனே தகாய்ச்சி கன்சர்வேட்டிவ்பா, உங்க கட்சி" என்றாள். அதோடு விடவில்லை. ஜப்பானியப் பெண்கள் முதல் ஓட்டுப் போட்ட அதே 1946 ஏப்ரலில்தான் ஹசேகவா மச்சிகோ என்ற பெண் 'சசாயே-சான்' என்ற படக்கதையை ஒரு பத்திரிகையில் தொடங்கினாராம். வாயாடியான ஒரு இல்லத்தரசியின் கதை. 1969-ல் டிவிக்கு வந்தது, இன்னும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓடுகிறது. ஓட்டும் வாயாடித்தனமும் ஒரே மாதத்தில் வந்தன என்று கேட்டதும் எனக்கு ஆச்சரியமே இல்லை.

நம் ஊர்ப் பாட்டிகளுக்கு அந்த வாய் இல்லையே என்பதற்கும் சரித்திரம் உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, வடக்கே பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்து 'இன்னார் மனைவி', 'இன்னார் தாயார்' என்றே எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஒத்துக்கொள்ளவில்லை. ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலிலிருந்து போயிற்று. எங்கள் பாட்டி ஒரு படி மேல். தன் பெயரைச் சொல்லிவிடுவாள், தாத்தா பெயரைச் சொல்ல மாட்டாள். கேட்டால் கோயில் கோபுரத்தைக் காட்டுவாள். நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். இதைக் கேட்ட சின்னவன் துள்ளிக் குதித்தான். 'டெத் நோட்' என்று ஒரு அனிமே இருக்கிறதாம். அந்த நோட்டில் யார் பெயரை எழுதினாலும் ஆள் காலி. ஆனால் உண்மைப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். "பாட்டி கையில அந்த நோட்டு கெடச்சிருந்தாலும் தாத்தா சேஃப்பா!" என்றான். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்ற வழக்கத்துக்கு இவ்வளவு நல்ல நியாயத்தை எந்த உபன்யாசகரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி என் ஆராய்ச்சி. இந்த அனிமே எங்கள் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது? பெண்கள் ஓட்டுப் போட்டதால்தான். சிரிக்காதீர்கள், கணக்கைப் பாருங்கள். 2006 தேர்தலில் இலவச கலர் டிவி வாக்குறுதி. தாய்மார்களைக் குறிவைத்தது அது என்பது ஊருக்கே தெரியும். என் அம்மாவுக்குத் திருமுல்லைவாயிலில் தனி ரேஷன் கார்டு. டிவி வந்து இறங்கியது. மறு ஆண்டு, 2007-ல், சுட்டி டிவி. அதே ஆண்டில் பெரியவளும் பிறந்தாள். பாட்டி மடி, பதினான்கு அங்குல டிவி, சென்னைத் தமிழ் பேசும் ஜாக்கி சான். அது ஜப்பான் சரக்கு இல்லை, ஆனால் ருசி பிடித்துவிட்டது. அங்கிருந்து டோரேமான், ஷின்சான், நருட்டோ என்று படிப்படியாக முற்றியது. 2008-ல் பெற்றோர்கள் புகாரின் பேரில் ஷின்சானை மத்திய அரசு நிறுத்தியதே, அது ஒரு பொற்காலம். மறு வருஷமே வெட்டித் திருத்தி விட்டுவிட்டார்கள். எடுத்த நடவடிக்கையில் உறுதியாக நிற்பது எந்த அரசுக்கும் தெரிவதில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. 2025 ஜனவரியில் அனிமேஷன் ராமாயணம் ஒன்று தமிழிலும் தியேட்டருக்கு வந்தது. நம் கதையைக் காட்டி நம் வழிக்குத் திருப்பலாம் என்று குடும்பத்தோடு போனேன். படம் தொடங்கியதுமே சின்னவன், "அப்பா, இது அனிமேப்பா!" என்று சந்தோஷத்தில் கத்தினான். யூகோ சாகோ என்ற ஜப்பானியர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம்ம ஊர் அனிமேஷன்காரர் ராம் மோகனைச் சேர்த்துக்கொண்டு எடுத்த படமாம் அது. போகட்டும், ராமர்தான் ஜெயித்தார்.

செப்டம்பரில் பழிக்குப் பழி, அவர்கள் என்னை 'டீமன் ஸ்லேயர்' படத்துக்கு இழுத்துப் போனார்கள். அதுவும் தமிழில். தன்ஜிரோ என்ற பையன், அரக்கியாகிவிட்ட தன் தங்கையை மரப்பெட்டிக்குள் வைத்து முதுகில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போகிறவனாம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதைவிடக் கட்டுப்பெட்டியான அண்ணன் உலகத்தில் உண்டா? இடைவேளையில் பாப்கார்னோடு இதைச் சொன்னேன். பெரியவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வெயில் பட்டா எரிஞ்சிடுவான்னுதான்ப்பா பெட்டி. வெளிய வந்தா அண்ணனைக் காப்பாத்துறதே அவதான்." பக்கத்தில் என் மனைவி பலமாகத் தலையாட்டினாள்.

அந்தப் படம் இந்தியாவில் வெளியான 2025 செப்டம்பர் 12 வெள்ளிக்கிழமையை நான் மறக்க முடியாது. அந்த வாரம்தான் நேபாளத்தில் இளைஞர்கள் சமூக ஊடகத் தடையையும் ஊழலையும் எதிர்த்துத் தெருவில் இறங்கி, பிரதமர் ஒலி ராஜினாமா செய்திருந்தார். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் செய்தியில் அந்தக் கூட்டம் பிடித்திருந்த கொடியைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வைக்கோல் தொப்பி போட்ட மண்டை ஓடு. 'ஒன் பீஸ்' கடற்கொள்ளையர் கொடி. அதே மண்டை ஓடு, அம்பத்தூர் ஓ.டி. நடைபாதையில் வாங்கிய டி-ஷர்ட்டாக, எனக்கு எதிரே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை இரவே முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கி நேபாளத்தின் இடைக்காலப் பிரதமரானார். அந்த நாட்டின் முதல் பெண் பிரதமர். அவர் பெயரை அந்தப் பிள்ளைகள் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் கூடிப் பேசி முன்வைத்தார்களாம். என் இரண்டு கவலைகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டு கைகுலுக்கிக்கொண்டன.

சின்னவன் புரட்சி செய்வானா என்று கவனித்துப் பார்த்தேன். மொட்டை மாடியில் இரண்டு கையையும் பின்னால் நீட்டிக்கொண்டு நருட்டோ மாதிரி ஓடுவான். வேறு தீவிரவாதம் தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கைகூப்பி "இத்தாதாகிமாஸ்" என்கிறான். சாப்பாட்டைக் கும்பிட்டுவிட்டுத் தொடு என்று அவனுக்கு நான் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். இப்போது கும்பிடுகிறான், பெயர் மட்டும் ஜப்பானுக்குப் போய்விட்டது. செருப்பை வாசலில் திருப்பி வைப்பதும் அப்படியே. என் சட்டதிட்டங்கள் எல்லாம் அமலில்தான் இருக்கின்றன, என் பெயரில் இல்லை.

நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தது. 2002, 2005 என்று பழைய பட்டியலில் பெயரைத் தேடச் சொன்னார்கள். என் பெயரைக் கண்டுபிடிக்க நான் கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க, மனைவி தன் பெயரைப் பிறந்த ஊர்ப் பட்டியலில், அவள் அப்பா பெயருக்குப் பக்கத்தில், போனிலேயே எடுத்துவிட்டாள். "பாத்தீங்களா, உங்களைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே நான் வோட்டரு" என்றாள். டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் காணாமல் போயின. மிஞ்சியதிலும் பெண்கள்தான் அதிகம்: அவர்கள் 2.77 கோடி, நாங்கள் 2.66 கோடி. பெரியவள் புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6 கொடுத்துவிட்டாள். புகைப்படத்துக்கு மண்டை ஓடு டி-ஷர்ட் வேண்டாம் என்று கெஞ்சி, அந்த ஒரு விஷயத்தில் ஜெயித்தேன்.

இப்போது அம்மாவும் பெண்ணும் சமையலறையில் பேசிக்கொள்வதில் பாதி கொரட்டூர் ஏரியில் கலக்கிற கழிவுநீர், பாதி 'ஒன் பீஸ்' நாயகன் லூஃபி. பூந்தமல்லியிலிருந்து மச்சினி போன் செய்தால் அதுவும் ஒரு மணி நேரம். அது தனித் தொகுதி, இங்கே நிற்கிற ஆள் வேறு, அங்கே நிற்கப்போகிற ஆள் வேறு. இருந்தும் அக்கா தங்கைக்குள் ஏதோ கூட்டணி. நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. சின்னவன் மட்டும் தனக்கு ஏன் ஓட்டு இல்லை என்று குமுறுகிறான். இருபத்தொன்றாக இருந்ததைப் பதினெட்டாகக் குறைத்ததே 1989-ல்தான், பொறு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகவே, எங்கள் தொகுதியில் நிற்கப்போகும் வேட்பாளர் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். பாடியிலிருந்து திருநின்றவூர் வரை சி.டி.எச். ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று இத்தனை வருஷம் சொல்லி வந்ததை நிஜமாகச் செய்கிறவருக்கு என் ஓட்டு. முன்பெல்லாம் உங்கள் ஆட்கள் வாசலில் என்னைப் பார்த்து, "சார், வீட்ல மொத்த ஓட்டும் நமக்குத்தானே?" என்று கேட்பார்கள், நானும் ஆமாம் என்று அனுப்பிவிடுவேன். இனி என்னால் ஒன்றுக்குத்தான் உத்தரவாதம். மற்ற இரண்டுக்கும் நீங்களே உள்ளே வந்து கேளுங்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள். எபிசோட் ஓடிக்கொண்டிருந்தால் முடிகிறவரை பேசாமல் உட்காருங்கள். கார்ட்டூன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், டெபாசிட் போய்விடும்.