ரைடு அண்ணாச்சி

ரைடு அண்ணாச்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விடிகாலை இருட்டில் கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற ரோட்டில், பின்னால் ஒரு சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று எரிய, மூக்கு ஹேண்டில்பாரில் முட்டுகிற அளவுக்கு முதுகை வளைத்துக்கொண்டு போவாரே, அவர்தான். பேங்க்கில் இருப்பார், இல்லாவிட்டால் பள்ளிக்கூட வாத்தியார், அதுவும் இல்லாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவர். வயது நாற்பத்தைந்துக்கு முன்பின் இருக்கும். சீனி லேசாக எட்டிப் பார்த்திருக்கும். டாக்டர் சொன்னதென்னவோ "தினம் அரை மணி நேரம் நடங்க" என்றுதான். நடப்பதில் என்ன கௌரவம் இருக்கிறது? அரை லட்சத்துக்கு கியர் சைக்கிள் வாங்கிவிட்டார்.

சைக்கிள் வந்திறங்கிய அன்று எதிர்வீட்டுப் பெரியவர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"கேரியர் எங்கய்யா?"

"இதுக்குக் கேரியர் கிடையாது மாமா."

"ஸ்டாண்டு?"

"அதுவும் கிடையாது. வெயிட்டு கூடிரும்."

"மட்கார்டு, செயின் கவரு, பெல்லு?"

"எதுவும் கிடையாது மாமா."

"அப்ப கழட்டுன கூலியையும் ஒன்ட்டயே வாங்கிட்டானா?"

அண்ணாச்சி இதற்கெல்லாம் அசருகிறவர் இல்லை. அவர் மனசு வேறு தேசத்தில் இருந்தது. பிரான்சில் 1681இல் வெட்டி முடித்த மிடி கால்வாயை செல்போனில் பார்த்துவிட்டார். 240 கிலோமீட்டர் நீளம். ஒரு காலத்தில் படகை இழுத்துக்கொண்டு குதிரை நடந்த கரையில் இன்றைக்குச் சைக்கிள் விடுகிறார்கள். இருபுறமும் மரம், நிழல், ஓரமாக அன்னம் வேறு நீந்துகிறது. பார்த்ததிலிருந்து அண்ணாச்சிக்கு ஒரு கால்வாய் வேண்டும், ஒரு மலை வேண்டும்.

கரிசல்காட்டில் கால்வாய்க்கு எங்கே போவது? இது மானத்தைப் பார்த்து விதைக்கிற பூமி. 1901இலேயே இங்கே வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது; அன்று தொட்டு மானாவாரிப் பருத்தியையும் சோளத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே தவிர, கால்வாய்ப் பாசனத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கண்மாய் இருக்கிறது, ஓடை இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் கிடக்கும். மீதி மாதமெல்லாம் சீமைக்கருவேல மரம் நிற்கும். கண்மாயை வைத்து 'சூல்' எழுதி, சோ. தர்மன் 2019இல் சாகித்ய அகாதமி விருது வாங்கினார். தடுக்கி விழுந்தால் எழுத்தாளர் மேல் விழ வேண்டிய ஊர்தான் இது. ஆனாலும் கால்வாயை வைத்து எழுத எந்த எழுத்தாளருக்கும் இங்கே வழியில்லை.

அண்ணாச்சி விடவில்லை. சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் ஊருக்கு வருகிறதல்லவா? "மூடி போட்ட கால்வாய்னு வச்சுக்கிட்டா என்ன?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயோரமாகவே ஓட்டிப்போனார். வால்வு கசிகிற இடத்தில் கொஞ்சம் புல், ரெண்டு கொக்கு, ஏழெட்டுப் பிளாஸ்டிக் குடம். கொக்கை அன்னமாகப் பாவித்துப் படம் எடுத்து 'கெனால் ரைடு' என்று போட்டார். மழைக்காலத்தில் இந்தச் சிரமம்கூடக் கிடையாது. இளையரசனேந்தல் ரோட்டு ரயில்வே சுரங்கப்பாதையில் தண்ணீர் கட்டிக்கொண்டால் கால்வாய் ஊருக்குள்ளேயே வந்துவிடும். தண்ணீர் வற்றியபின் அதற்குள் இறங்கி ஏறினால் அது மலையேற்றக் கணக்கில் சேரும்.

மலை விஷயத்தில் அவருக்கு இவ்வளவு பஞ்சமில்லை. கதிரேசன் கோயில் மலை ஊருக்குள்ளேயே இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப்போனால் குருமலை. ஆனாலும் அண்ணாச்சியின் 'ஹில் ரைடு' என்பது 20 கிலோமீட்டர் சொச்சம் மேற்கே போய்க் கழுகுமலையைத் தொடுவது. தொடுவது என்றால் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பது. மேலே போகப் படிதான், சைக்கிள் ஏறாது. அதனால் கிரிவலப் பாதையில் ஒரு சுற்று வந்து, மலையை முடித்ததாகச் சொல்லிவிடுவார். மேலே எட்டாம் நூற்றாண்டு வெட்டுவான் கோயில் இருக்கிறது. ஒரே பாறையை மேலேயிருந்து செதுக்கிக்கொண்டு வந்து, கீழ்ப்பகுதியை முடிக்காமல் விட்டுவிட்டார்கள் பாண்டியர்கள். அண்ணாச்சி கீழேயே தொடங்கிக் கீழேயே முடித்துவிடுவார்.

இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் ஆடி மாதம் அந்த ரோட்டில் ஒரு தடவையாவது மிதித்துப் பார்க்க வேண்டும். செங்கோட்டைக் கணவாயில் நுழைகிற தென்மேற்குக் காற்றுக்குக் கரிசல் முழுக்கத் தட்டுப்படுவதற்கு ஒன்றும் கிடையாது. கயத்தாறு பக்கம் அத்தனை காற்றாடிகளை நட்டிருப்பவர்கள் ஏமாந்தவர்களா? எதிர்க்காற்றில் கழுகுமலை ரோடு தட்டையாகக் கிடந்தபடியே கொடைக்கானல் மலைப்பாதை ஆகிவிடும். கியரை இறக்கி, இன்னும் இறக்கி, இனி இறக்க ஒன்றுமில்லை என்று ஆனபின் அண்ணாச்சி வாயைத் திறந்துகொண்டு மிதிப்பார். அந்த நேரம் பார்த்து லுங்கியை மடித்துக் கட்டிய பால்காரர், இரண்டு பக்கமும் கேன் தொங்க, கியர் இல்லாத பழைய சைக்கிளில் "வாரேன் சார்" என்று தாண்டிப் போவார். அவர் அதை ரைடு என்று சொல்வதில்லை, வாடிக்கை என்பார். திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும். சும்மா உட்கார்ந்திருந்தாலே வண்டி பறக்கும். அண்ணாச்சி ஊருக்குச் சொல்கிற வேகமெல்லாம் இந்தத் திரும்புகால் வேகம்தான்.

தார் ரோட்டை விட்டு இறங்கினால் கரிசல் தன் குணத்தைக் காட்டும். ஒரு தடவை தூறல் விட்டவுடனே இடைசெவல் பக்கம் வண்டிப்பாதையில் இறங்கிவிட்டார். பத்தடிக்குள் டயரில் மண் அப்பியது. இருபதடியில் போர்க்குக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு சக்கரம் நின்றேவிட்டது. குச்சியால் நோண்டினால் குச்சியும் ஒட்டிக்கொண்டது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, காலுக்கு இரண்டு கிலோ மண்ணோடு நடந்து வந்தவரைப் பார்த்து ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவி கேட்டாள்: "ஏய்யா, சைக்கிள்ல நீ போறியா, ஒம்மேல சைக்கிள் போகுதா?"

தை மாசி பிறந்தால் ரோடே களமாகிவிடும். உளுந்தும் சோளமும் பாதி ரோட்டை அடைத்துக் காயும். மேலே பஸ்ஸும் லாரியும் ஏறினால் மணி உதிரும் என்பது கணக்கு. அண்ணாச்சியின் ஒன்பது கிலோ சைக்கிள் ஏறினால் ஒரு மணியும் உதிராது. அண்ணாச்சிதான் வழுக்கி உதிர்வார். "பார்த்துப் போங்க அண்ணாச்சி" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு, சிதறிய உளுந்தைக் கூட்டிச் சேர்ப்பார்கள்.

முள்ளுக்கும் இவருக்கும் ஆகாது. ஊர்ப் பஞ்சர் கடைக்காரர் டியூபைக் கையில் வாங்கி, வால்வை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பென்சில் முனை கணக்காக இருக்கிற பிரெஸ்டா வால்வு அது. தம் பம்பை வைத்துப் பார்ப்பார், சேராது. வால்டியூப் டப்பாவைத் துழாவிவிட்டு, "இதுக்கு ஊசிதான் போடணும் போல சார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்பார். ஆனால் சட்டித் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, சொலூஷன் தடவி ஒட்டிக் கொடுத்தால் அந்த ஒட்டு டயர் தேய்கிறவரைக்கும் நிற்கும். இந்த வேலையை அண்ணாச்சி இணையத்தில் வகுப்புப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தார். அவர் ஒட்டினது அடுத்த ஊர் தாங்காது.

தின்பதற்கு முதலில் வெளிநாட்டு எனர்ஜி பார் வைத்திருந்தார். நிலக்கடலையும் ஏதோ பாகும் சேர்த்து அழுத்தியது, ஒன்று நூறு ரூபாய்க்கு மேல். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய கடலைமிட்டாயின் சொந்த ஊரில் இருந்துகொண்டு இதைத் தின்கிறோமே என்று அவருக்கே ஒரு நாள் உறைத்திருக்க வேண்டும். இப்போது ஜெர்சியின் முதுகுப் பையில் கடலைமிட்டாய்தான். சீனிக்காக சைக்கிள் வாங்கியவர் என்பதை இந்த இடத்தில் யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம்.

கடைசியில் நிஜமான கால்வாயையும் ஒரு நாள் பார்த்துவிட்டார். தாமிரபரணியின் எட்டு அணைகளில் ஏழாவது மருதூர் அணைக்கட்டு. அங்கிருந்து மேலக்கால், கீழக்கால் என்று இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. இருட்டோடு கிளம்பிப் போய், கரையோர ரோட்டில் சைக்கிளைத் திருப்பினார். இந்தப் பக்கம் வாழை, அந்தப் பக்கம் வயல், நடுவில் சளசளவென்று தண்ணீர். ஓடுகிற தண்ணீரை இவ்வளவு கிட்டத்தில் பார்த்த கரிசல்காட்டுக்காரனுக்கு அதன் பக்கத்தில் சைக்கிள் மிதிக்க எப்படி மனசு வரும்? கரையில் சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டு, ஹெல்மெட்டோடு உள்ளே இறங்கிவிட்டார். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் விசாரித்தார்.

"எங்கிருந்து வாரிய?"

"கோவில்பட்டி அண்ணாச்சி."

"இந்தத் தண்ணிதான் ஒங்க ஊருக்கே கொழாய்ல வருதே. அதுக்காகவா இம்புட்டுத் தூரம் மிதிச்சிய?"

அன்றைய ரைடு அங்கேயே முடிந்தது. மிச்ச நேரமெல்லாம் குளியல்தான்.

இப்போது அவருடைய கனவு 200 கிலோமீட்டர். பிரெஞ்சுக்காரர்கள் வகுத்த விதி. பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் பதக்கம் உண்டு. வீட்டில் சொல்லிப் பார்த்தார். "பதிமூணரை மணி நேரமா? பஸ்ல உக்காந்தா மெட்ராஸ்லயே போய் எறங்கிரலாமேங்க" என்று பதில் வந்தது. அண்ணாச்சி இன்னும் அனுமதிக்குக் காத்திருக்கிறார்.

ஆகவே, காரில் போகிறவர்களே, விடிகாலையில் அந்தச் சிவப்பு விளக்கைக் கண்டால் ஹாரன் அடிக்காமல் ஓர் ஆள் இடம் விட்டுத் தாண்டிப் போங்கள். ஏற்கெனவே காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். டீக்கடையில் பார்த்தால் தாராளமாகப் பேச்சுக் கொடுங்கள். கியர் எத்தனை, டயர் என்ன மொத்தம் என்று கேட்டால் டீக்காசை அவரே கொடுத்துவிடுவார். சைக்கிள் விலையை மட்டும் அவர் வீட்டுக்காரம்மா பக்கத்தில் இருக்கும்போது கேட்டுவிடாதீர்கள். அங்கே அது பன்னிரண்டாயிரம்.